நாற்பத்தொரு விநாடி

2025 ஜனவரி 18, சனி

காலையில் ரேஷன் கடையில் ஒன்றரை மணி நேரம். வரிசையில் நின்றபடியே வேதியியல் மூன்றாம் பாடத்தை முடித்தேன். பாமாயில் தீர்ந்துவிட்டதாம்.

சாயங்காலம் ஃபிராங்க்ளின் மாமா வந்தார். அப்பாவின் தங்கை விஜிலா அத்தையின் வீட்டுக்காரர். அவரும் அப்பாவும் ஒரே படகில் சங்கு குளிக்கப் போகிறார்கள். மாமா கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு கடலடிக்குப் போவார். அப்பா மேலே இருந்து மாமாவின் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பார். எங்கள் தெருவில் குளிக்கிறவரின் கயிறு அவர் மனைவியின் அண்ணனோ தம்பியோ கையில்தான் இருக்கும். மற்றவன் கண்ணயரலாம், தங்கச்சியின் தாலியைப் பிடித்திருக்கிறவன் அயர மாட்டான் என்று எந்தக் காலத்திலோ வைத்த வழக்கம்.

ஆனால் நீரோட்டம் பலமாக இருந்தால், கீழே கயிற்றைச் சுண்டுவது மேலே கைக்குத் தெரியாது. அதற்காகத்தான் என் அழைப்பு மணி. மாமாவின் மணிக்கட்டில் சைக்கிள் டியூப் ரப்பருக்குள் ஒரு பட்டன். அதிலிருந்து காற்றுக் குழாயோடு சேர்ந்தே ஒயர் மேலே வரும். படகில் டிபன் டப்பாவுக்குள் உள்ளங்கை அளவு கணினி போர்டு, பேட்டரி, மணி. மாவட்ட அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது! பத்து நாளாக நிஜக் கடலில் வேலை செய்கிறது.

அப்பா இன்னும் கயிற்றைக் கையை விட்டு எடுப்பதில்லையாம். மாமா கேலி செய்தார். "மருமகளே, ஒங்கப்பனுக்கு மின்சாரத்து மேல நம்பிக்க இல்ல."

"கைல இல்லாட்டி என்னமோ போல இருக்குவே," என்றார் அப்பா.

நான் விளக்கினேன். பட்டனை அமுக்கினால் போர்டையே நடத்துகிற அடிப்படை மென்பொருளான கெர்னலுக்கு உடனே தெரியும், கெர்னல் என் புரோகிராமை எழுப்பும், கண் இமைப்பதற்குள் மணி அடிக்கும். "கயித்தைவிட இது ஆயிரம் மடங்கு வேகம்பா. படகுக் கொம்புல கயித்தச் சுத்திட்டு ரெண்டு கையாலயும் மத்த வேலையப் பாருங்க."

அப்பா சிரித்தார். "சரி மக்கா, நீ சொன்னா சரி."

மாநிலக் கண்காட்சிக்குக் கடலடி வீடியோவும் இருந்தால் நன்றாக இருக்கும். மாமாவின் முகக் கண்ணாடியில் ஒரு சிறிய கேமரா பொருத்தி, அதையும் அதே போர்டில் இணைத்துவிட்டேன். வீடியோ திக்கித் திக்கி வந்தது. இணையத்தில் தேடினேன். இரண்டு வரி போடச் சொல்லியிருந்தார்கள். முதல் வரி வீடியோவுக்கு எல்லாவற்றையும்விட மேலான முன்னுரிமை தருகிறது. இரண்டாவது வரி என்ன செய்கிறது என்று முழுதாகப் புரியவில்லை. ஆனால் வீடியோ பால் போல ஓடுகிறது! மேசையில் வைத்துப் பட்டனை மூன்று முறை அமுக்கிப் பார்த்தேன். மூன்று முறையும் அடித்தது.


ஜனவரி 21, செவ்வாய்

பள்ளியில் இருக்கும்போது அம்மா போன் செய்தாள். மாமா பெரியாஸ்பத்திரியில்.

பன்னிரண்டு பாகம் ஆழம், எழுபது அடிக்கு மேல். கம்ப்ரசர் காற்றில் எஞ்சின் புகை கலந்துவிட்டது. மாமா பட்டனை அமுக்கியிருக்கிறார். மணி அடித்தது, அப்பா இழுத்தார். அதற்குள் மாமாவுக்கு நினைவு தப்பிவிட்டது. இழுத்த வேகத்தில் மூக்கிலும் காதிலும் ரத்தம்.

அப்பா நனைந்த கைலியோடு வராந்தாவில் நின்றார். அத்தை தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலையைத் தொடப் போனார். பிறகு கையை இழுத்துக்கொண்டார்.

கேமரா கடலில் விழுந்துவிட்டதாம்.


ஜனவரி 22, புதன்

மாமாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. முதுகுத் தண்டுக்குள் காற்றுக் குமிழிகள் என்கிறார் டாக்டர்.


ஜனவரி 24, வெள்ளி

எழுதாவிட்டால் தூக்கம் வராது. எழுதுகிறேன்.

காலையில் மாமா பேசினாராம். "பட்டன அமுக்குனேன். எண்ணுனேன். நாப்பது வரைக்கும் எண்ணுனேன். ஒருத்தரும் இழுக்கல." கடலடியில் எண்ணிக்கொண்டே இருப்பது குளிக்கிறவர்களின் பழக்கம். மாமா எண்ணிக்கையில் தப்ப மாட்டார்.

நாலரை மணிக்கு மாமாவின் அண்ணன் தஸ்நேவிஸ் மாமா இரண்டு பேரோடு வந்தார். அப்பா குசினியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். தலைமுடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தார்கள். டம்ளர் கையோடு வந்தது.

"கயிறு எங்கலே இருந்துச்சு?"

"கொம்புல சுத்தியிருந்தேன்."

"மச்சான் கைல இருக்க வேண்டிய கயிறு கொம்புலயா? எதுக்குலே? குடிச்சிருந்தியா? தூங்குனியா?"

அப்பா ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். உடனே பார்வையை மாற்றிக்கொண்டார்.

"மணி அடிச்சதும் இழுத்தேன்," என்றார். அவ்வளவுதான்.

"அப்போ எந் தம்பி பொய் சொல்லுதானா? நாப்பது எண்ணுத வரைக்கும் என்னலே செஞ்ச? சொல்லுலே!"

வயிற்றில் மிதித்தார்கள். விலாவில் மிதித்தார்கள். அம்மா குறுக்கே விழுந்தாள், அவளைத் தள்ளிவிட்டார்கள். நெற்றி சுவரில் பட்டது. தெருவில் எல்லாரும் நின்றார்கள். ஒருவர்கூட வரவில்லை. கயிற்றை விட்டவனுக்காக யாரும் வரமாட்டார்கள்.

"கயிறு பிடிக்காத கை எதுக்கு ஒனக்கு?" என்றார் தஸ்நேவிஸ் மாமா.

அப்பாவின் வலது கையை எங்கள் வாசற்படியில் விரித்து வைத்து, ஒருவன் மணிக்கட்டில் ஏறி நின்றான். கம்ப்ரசர் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடி தஸ்நேவிஸ் மாமா கையில். மூன்று அடி. நான் எண்ணினேன். ஏன் எண்ணினேன்? ஈர மரக்கிளை ஒடிவது போல முதல் சத்தம். மூன்றாவதில் சத்தமே இல்லை. மெத்தென்று இருந்தது.

அப்பா கத்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.


ஜனவரி 25, சனி

நான்கு விரல்களில் எலும்பு நொறுங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, படகில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார் அப்பா. போலீஸ் வந்தால் கம்ப்ரசரைப் பற்றிக் கேட்பார்கள், அதை வைத்துக் குளிக்க அனுமதி இல்லை. அதனால் இரண்டு பக்கமும் போலீசுக்குப் போகாது.

மத்தியானம் வீட்டு ஓட்டின் மேல் கல். ஏழு ஓடு உடைந்தது. உலையில் ஓட்டுச் சில். அம்மா சோற்றைக் கொட்டிவிட்டு வேறு அரிசி போட்டாள். அழவில்லை. "அரிசி கொஞ்சம்தான் இருக்கு, நீ மொதல்ல சாப்புடு" என்றாள்.

தஸ்நேவிஸ் சாகணும். இந்த வரியை நான் அடித்துவிடப் போவதில்லை.


ஜனவரி 26, ஞாயிறு

நான் ஏன் இதை முதலிலேயே செய்யவில்லை! போர்டில் பதிவேடு இருக்கிறதே. மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் என் புரோகிராம் ஒரு வரி எழுதி வைக்கும்.

கடைசி வரி: பட்டன் அமுக்கப்பட்டது, 9 மணி 52 நிமிடம் 17 விநாடி. மணி அடித்தது, 9 மணி 52 நிமிடம் 17 விநாடி.

ஒரே விநாடி. கம்ப்ரசர் பார்க்கிற தளவாய் அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். "எஞ்சின் சத்தத்துலயும் மணி கேட்டுச்சுமா. கேட்ட ஒடனே ஒங்கப்பா பாஞ்சு இழுத்தாரு. நான் கண்ணால பாத்தேன். சொன்னா என்னையும் அடிப்பானுவ."

அப்படியென்றால் அப்பா மேல் தப்பே இல்லை. மாமாதான் நினைவு தப்பும் நேரத்தில் ஏதோ எண்ணியிருக்கிறார். நீளத் தாளில் அழகாக எழுதினேன். நேரங்களுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டேன். அம்மாவிடம் சொல்லாமல் தஸ்நேவிஸ் வீட்டுக்குப் போனேன்.

அவன் படித்தான். இரண்டு தடவை படித்தான்.

"எந் தம்பி அமுக்கவே இல்லன்னு சொல்லுத. அப்பிடித்தான?"

"லேட்டா அமுக்கியிருக்காங்க மாமா. மெஷின் பொய் சொல்லாது."

"அவன் பொய் சொல்லுதான். கால் செத்துப்போயிக் கெடக்கவன் பொய் சொல்லுதான். ஒங்கப்பன் உத்தமன். அத மெஷின் சொல்லுது."

அறைந்தான். காதில் ஊய் என்ற சத்தம் இப்போதும் நிற்கவில்லை. கீழே விழுந்தேன். பின்னலைப் பிடித்துத் தூக்கி, "தின்னுளா. ஒன் கடுதாசிய நீயே தின்னு," என்று தாளைக் கசக்கி என் வாயில் திணித்தான். விரல் தொண்டை வரைக்கும். மை கசப்பு. ரத்தமும் வந்தது, பல் குத்தி. அவன் பெண்டாட்டி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் விட்டான்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார்.


ஜனவரி 27, திங்கள்

நேற்று எழுத முடியாமல் விட்டது.

என் முகத்தைப் பார்த்ததும் அப்பா எழுந்தார். சங்குச் சதை அறுக்கும் கத்தியை இடது கையில் எடுத்தார். அம்மா இரண்டு காலையும் கட்டிப்பிடித்தாள். அவளையும் இழுத்துக்கொண்டு தெருவின் பாதி வரை நடந்தார். பிறகு உதறிவிட்டு ஓடினார்.

இடது கைதான், பழக்கம் இல்லாத கை. கழுத்துக்குக் குறி வைத்தது தோளில் விழுந்தது. தஸ்நேவிசுக்குப் பதினோரு தையல். வலது கையாக இருந்திருந்தால் இன்று எங்கள் தெருவில் சாவு.

தெருப்பெரியவர் ஒருவர் மூலமாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். ஞானதீபம், அதாவது அப்பா, ஞாயிற்றுக்கிழமைக்குள் தூத்துக்குடியை விட்டுப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் மாதா கோயில் பூசை முடிந்ததும் வருவார்கள். இந்த முறை கைக்காக இல்லை.

"நான் எங்கயும் போவல," என்றார் அப்பா. கத்தியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்.

இதெல்லாம் என் தாளால். நான் எழுதியது உண்மைதானே? உண்மையைச் சொன்னால் எப்படி இன்னும் மோசமாகும்?


ஜனவரி 29, புதன்

பள்ளிக்குப் போனேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் சரண்யாதேவி மிஸ் கன்னத்தைப் பார்த்துவிட்டு லேபுக்குக் கூட்டிப்போனார். ஆத்தூர்க்காரர். எங்கள் கடற்கரைச் சண்டை எல்லாம் அவருக்குப் பிடிபடாது. ஆனாலும் முழுதும் கேட்டார். பதிவேட்டைத் திறக்கச் சொன்னார்.

"நேரம் சரி. அதுக்குப் பக்கத்துல மூணு பெரிய நம்பர் இருக்கே, அது என்ன?"

"தெரியாது மிஸ். மாதிரி புரோகிராம்ல இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்."

"தெரியாததையா தினம் எழுதி வச்சிக்கிட்டு இருந்த?"

வெட்கமாக இருந்தது. கெர்னலோடு வரும் விளக்கக் கோப்பில் தேடி, நான்கு பக்கம் அச்செடுத்துக் கொடுத்தார். இன்றைக்குப் படித்துப் புரிந்தது:

ப்ராசஸர் ஒன்றுதான். புரோகிராம்கள் பல. யார் எப்போது ஓடலாம் என்று முறை வைப்பது கெர்னல். அது ஒவ்வொரு புரோகிராமுக்கும் மூன்று எண்களைச் சேர்த்து வைக்கிறது. முதல் எண், அந்தப் புரோகிராம் உண்மையில் ஓடிய நேரம். மூன்றாவது, எத்தனை முறை ஓடியது. இரண்டாவது, ஓடத் தயாராக இருந்தும் முறை கிடைக்காமல் காத்துக்கிடந்த நேரம்.

தூங்கும் நேரம் இதில் சேராது. யாரும் பட்டனை அமுக்காதவரை என் புரோகிராம் தூங்குகிறது, அதற்குக் கணக்கில்லை. அமுக்கிய அந்தக் கணத்தில் கெர்னல் அதை எழுப்பி வரிசையில் நிறுத்துகிறது. அங்கேயிருந்துதான் இரண்டாவது எண் ஏறத் தொடங்கும்.

அப்படியென்றால் அந்த 9:52:17 என்பது யாருடைய நேரம்?


ஜனவரி 30, வியாழன்

கடைசி மணிக்கு முந்தின மணியில் இரண்டாவது எண்: 1150322876.
கடைசி மணியில்: 42357914203.
கழித்தால் 41207591327.

கெர்னல் நேரத்தை நூறு கோடியில் ஒரு பங்கு விநாடியாக எழுதுகிறது. நூறு கோடியால் வகுத்தேன். நான்கு தடவை வகுத்தேன்.

நாற்பத்தொரு விநாடி.

மாமா அமுக்கியது 9:51:36க்கு. என் புரோகிராம் எழுந்து வரிசையில் நின்றது. வீடியோ புரோகிராம் இடம் கொடுக்கவே இல்லை. நாற்பத்தொரு விநாடி கழித்து முறை கிடைத்ததும் என் புரோகிராம் கடிகாரத்தைப் பார்த்து, "இப்போதுதான் அமுக்கினார்கள்" என்று எழுதியது. தான் வந்த நேரத்தையே கூப்பிட்ட நேரமாக எழுதிவிட்டது. அப்படி எழுதச் சொல்லிக் கொடுத்தது நான்.

அந்த இரண்டாவது வரியும் இப்போது புரிந்துவிட்டது. எவ்வளவு மேலான முன்னுரிமை இருந்தாலும், ஒவ்வொரு விநாடியிலும் கொஞ்சம் மற்றவர்களுக்கு விட வேண்டும் என்று கெர்னலில் ஒரு காவல் இருக்கிறது. அந்த வரி காவலை எடுத்துவிடும்.

மேசையில் ஏன் உடனே அடித்தது? மேசையில் எதுவும் அசையவில்லை. வீடியோவுக்கு வேலை குறைவு, நடுவில் ஓய்ந்தது. கடலடியில் சேறு கலங்கி, திரையில் ஒரு புள்ளிகூட நிற்காது. அது ஓயவே இல்லை. மிஸ்ஸின் கேமராவை இணைத்து, சுழலும் ஃபேனுக்கு நேராக வைத்துப் பட்டனை அமுக்கினேன். லேபில் நானும் மிஸ்ஸும். இருபத்தெட்டு விநாடி. இரண்டாம் தடவை முப்பத்தைந்து. மிஸ் வாயில் கை வைத்துக்கொண்டார்.

மாமா பொய் சொல்லவில்லை. அப்பாவும் பொய் சொல்லவில்லை. அப்பா கை என்னால் போனது. மாமா கால் என்னால் போனது. பால் போல ஓடுகிற ஒரு வீடியோவுக்கு. ஐயோ, நான் என்னத்தச் செஞ்சு வச்சிருக்கேன்!


ஜனவரி 31, வெள்ளி

அப்பாவுக்குத் தெரியும்.

கட்டு மாற்றும்போது மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன். "அப்பா, மணி லேட்டா…" உடனே இடது கையால் என் வாயைப் பொத்தினார்.

"படகுலயே தெரியும். மச்சானத் தூக்கிப் போட்டுட்டு கரைக்கு வாரப்ப, பட்டன நான் அமுக்கிப் பாத்தேன். ரொம்ப நேரம் ஆயும் அடிக்கல, பேட்டரியக் கழத்திட்டேன். கேமரா மாட்டுன பெறகுதான் இந்த எளவுன்னு கேமராவப் பிடுங்கிக் கடல்ல எறிஞ்சேன்."

"ஏம்பா சொல்லல?"

"சொல்லிருந்தா ஒன்னையக் கையோட விட்டிருப்பானுவளா? எங் கைன்னா போவுது. நீ வாயத் தொறக்கக் கூடாது. அம்மைட்டகூட."

என்னிடம் எதையோ கேட்கிறார் என்று நினைத்தேனே அன்று, வாசலில் வைத்துப் பார்த்தபோது.

நாளை மறுநாள் ஞாயிறு. அப்பா போக மாட்டார். கத்தியோடு இருப்பார். அவர்களும் வருவார்கள். யாராவது ஒருவர் சாவார். நான் வாய் திறக்காவிட்டால் இது நடக்கும். திறந்தால்?

திறந்தால் எனக்கு ஏதாவது நடக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.


பிப்ரவரி 1, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

தாள் கொண்டுபோகவில்லை. டிபன் டப்பா, போர்டு, பேட்டரி, பட்டன், மிஸ்ஸிடம் வாங்கிய கேமரா. ஆண்கள் வார்டில் மாமா கட்டிலில். பக்கத்தில் அத்தை. தஸ்நேவிஸ் தோளில் கட்டோடு ஜன்னலருகே.

"இவளுக்கு இங்கன என்னளா வேல?" என்று வந்தார்.

நான் மாமாவை மட்டும் பார்த்தேன். "மாமா, இத ஒரு தடவ அமுக்குங்க. அன்னைக்கு மாதிரியே எண்ணுங்க. பெறகு என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க."

கேமராவைத் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். மாமா வெகுநேரம் என்னையே பார்த்தார். பிறகு கட்டைவிரலால் அமுக்கினார்.

ஒன்று, இரண்டு, மூன்று. உதடு அசைந்தது. பத்துக்கு மேல் பக்கத்துக் கட்டில்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். இருபதில் அத்தை எழுந்து நின்றாள். முப்பதில் மாமாவின் குரல் வெளியே வந்துவிட்டது. முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு.

மணி அடித்தது.

மணியை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

"அன்னைக்கு நாப்பத்தொண்ணு," என்றேன். "அப்பா மணி கேட்ட ஒடனே இழுத்தாங்க. நீங்க சொன்னதும் நெசம், அப்பா சொன்னதும் நெசம். வீடியோ நல்லா வரணும்னு நான் மாத்தினேன். கயித்தக் கொம்புல சுத்தச் சொன்னதும் நாந்தான். அப்பாவுக்கு அதுல மனசே இல்ல."

"நாப்பதுல எண்ணத விட்டேன்," என்றார் மாமா. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதலில் அடித்தது அத்தை. இரண்டு கையாலும், எங்கே படுகிறது என்று பார்க்காமல். "படிச்ச மூதி! படிச்ச மூதி! அண்ணனப் போயி நான் சபிச்சேனே! அவன் கை அழுவிப்போவணும்னு மாதாகிட்டக் கேட்டேனேளா!" என் உதடு மறுபடி கிழிந்தது. நான் தடுக்கவில்லை. கடைசியில் அவள் தன் முகத்திலேயே அறைந்துகொள்ள ஆரம்பித்தாள். நர்சம்மா ஓடிவந்து பிடித்தார்.

தஸ்நேவிஸ் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு தள்ளினார். மூச்சு முட்டியது. நெஞ்சுக்குள் நானும் எண்ணினேன். ஒன்பது வரை. கை தளர்ந்தது.

"அந்த நாயி ஒத்த வார்த்த சொல்லிருக்கலாம்லா," என்றார். என்னிடம் இல்லை. "வாசப்படில கைய வச்சப்பகூடச் சொல்லலியே. மூணு அடி அடிச்சேனே."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். பிறந்ததிலிருந்து என்னை அடித்ததில்லை. இன்று அடித்தார். இடது கையால். நாற்காலியோடு சேர்ந்து விழுந்தேன்.

"ஒன்ன எவனும் தொடக் கூடாதுன்னுதாமுளா கையக் குடுத்தேன். நீயே போயிக் கழுத்த நீட்டிட்டு வாரியா?"

சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையை என் தலையில் வைத்தார். கனமாக இருந்தது.


பிப்ரவரி 2, ஞாயிறு

பூசை முடிந்தது. அப்பா மடியில் கத்தியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மா பின்னால் நின்றாள்.

யாரும் வரவில்லை.

பொழுது சாயும் வரைக்கும் அப்பா எழுந்திருக்கவில்லை.


பிப்ரவரி 11, செவ்வாய்

மாநிலக் கண்காட்சியிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். சரண்யாதேவி மிஸ், "நீ கண்டுபிடிச்சதையே எழுதிக் கொடு. காத்திருக்கும் நேரத்தை அளப்பது எப்படின்னு. இது அதைவிடப் பெரிய ப்ராஜெக்ட்" என்றார்.

"முடியாது மிஸ்."

"இப்பவா, எப்பவுமேவா?"

தெரியவில்லை என்றேன்.

தெருவில் இப்போது அப்பாவிடம் பேசுகிறார்கள். என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். அது சரிதான்.


பிப்ரவரி 20, வியாழன்

அப்பாவின் கைக்கட்டை அவிழ்த்தார்கள். பெருவிரல் மட்டும் மடங்குகிறது. அம்மா சோற்றைப் பிசைந்து கொடுத்தால் கோபப்படுகிறார்.

அத்தை வீட்டு வழியாகப் போனேன். வாசல் நடையில் இருந்தாள். உள்ளே போய்விட்டாள்.


மார்ச் 6, வியாழன்

அரைநாள் பள்ளி. வீட்டுக்கு வந்து பையை வைத்தேன். வெளியே ஆட்டோ சத்தம். எட்டிப் பார்த்தேன். தஸ்நேவிஸ் மாமா. அப்பா வாசலில் வலை ஊசியை இடது கையால் கோக்கப் பழகிக்கொண்டிருந்தார். அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து அவருக்கு முன்னால் நின்றாள்.

தஸ்நேவிஸ் மாமா படிக்குக் கீழேயே நின்றார். அந்தப் படியைப் பார்க்காமல், கதவு நிலையைப் பார்த்துப் பேசினார்.

"அவன வீட்டுக்கு விட்டுட்டானுவ. ஆட்டோ சந்துக்குள்ள போவாது. தூக்கணும். ஒரு ஆள் கொறையுது, மச்சான்."

அப்பா ஊசியைக் கீழே வைத்தார். எழுந்து போனார். அம்மாவும் நானும் பின்னால்.

மாமா மெலிந்து போயிருந்தார். கால் இரண்டும் துணி போலக் கிடந்தன. அப்பா வழக்கம் போல வலது பக்கம் போய் நின்றார். தஸ்நேவிஸ் மாமா அப்பாவின் கையைப் பார்த்தார். "நீ இங்கிட்டு வா," என்று இடம் மாறினார். அப்போதுதான் அப்பாவின் இடது கை மாமாவின் முதுகுக்கு அடியில் போகும். தையல் போட்ட தோளில் பாரம் முழுதும் தஸ்நேவிஸ் மாமாவுக்கு. வலித்திருக்கும். இரண்டு பேரும் மூச்சுப் பிடித்துத் தூக்கினார்கள். சந்து குறுகல், பக்கவாட்டில் நடந்தார்கள்.

"ஏலே, மெல்லலே. கோழியவா தூக்குதீய?" என்றார் ஃபிராங்க்ளின் மாமா. யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அப்பா, "வாய மூடிட்டு வாரும்வே," என்றார்.

அத்தை வீட்டுக் கதவு ஸ்பிரிங் வைத்தது, தானே மூடிக்கொள்ளும். தஸ்நேவிஸ் மாமா திரும்பாமலே சொன்னார்:

"ஏளா, கதவப் பிடி."

ஓடிப்போய்ப் பிடித்தேன். மூன்று பேரும் என்னை உரசிக்கொண்டு போனார்கள். மருந்து வாடை. மாமா கண்ணை மூடியிருந்தார். நிலை தட்டி, அவர் காலில் மாட்டியிருந்த செருப்பு ஒன்று கழன்று என் பக்கத்தில் விழுந்தது. அவருக்குத் தெரியவில்லை.

குனிந்து எடுத்தேன். ஒரு கையில் கதவு, ஒரு கையில் செருப்பு. அத்தை உள்ளிருந்து வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

கொடுத்தேன்.